சுவர் வெளுக்க வைத்த நெருப்பு

காபன் வட்டம் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு படம் இருக்கும். ஒரு மரம், ஒரு மாடு, ஒரு புகைக்கூண்டு, ஓரத்தில் கொஞ்சம் கடல், அடியில் கோடு கோடாகப் பாறை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறிகள் ஓடும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்தப் படத்தைத் தோட்டப் பள்ளிக்கூடங்களின் கரும்பலகையில் வரைந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. அந்தப் படத்தில் மாட்டுக்கு இடமுண்டு, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கு இடமில்லை.

பிள்ளைகளுக்கு என் கோபம் தெரியும். "டீச்சருக்கு இன்னைக்கு காபன் பாடம், வாயத் தொறக்காதீங்கடா" என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வார்கள். காரணம் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் பாடவேளைக்குள் முடித்திருக்கமாட்டேன்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச்சேர்ந்த பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. அவள் கொழுந்து பறித்தாள், நான் படித்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு கையை விரித்துவிடும். அதற்குமேல் படிக்க வேண்டுமென்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பாத்திரம் கழுவி, துணி துவைத்துக் கொடுத்து, அவர்கள் வீட்டுச் சமையலறையில் படுத்துக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். லீவு கிடைத்தால் பஸ் பிடித்து அக்காவிடம் ஓடிவிடுவேன்.

பஸ் இறங்குகிற இடத்தில் ஒரு சுண்ணாம்புக் காளவாசல் இருந்தது. எதிர்ப்பக்கத்து மலையில் வெள்ளைப் பாறையை உடைத்து, கல்லும் விறகுமாக அடுக்கடுக்காகப் போட்டுக் கொளுத்துவார்கள். நாள்கணக்கில் எரியும். கூடையில் கல் சுமந்த பெண்கள், உள்ளே போகும்போது கழுத்தை ஒடிக்கிற கல் வெளியே வரும்போது பாதி கனம்கூட இல்லாத மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார்கள். மீதிக் கனம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது. அது காற்றோடு போயிருந்தது.

அந்தப் பாறை, மனிதர்களெல்லாம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு கடலடியில் படிந்த சேறு. காற்றில் இருந்த காபன் மழையில் கரைந்து, மழை கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, ஆறு அதை அள்ளிக்கொண்டு போய்க் கடலில் சேர்த்து, கடலுக்கடியில் அது இறுகிக் கல்லானது. பிறகு பூமி அதை அழுத்திப் பிசைந்து வேகவைத்து, உயரத் தூக்கி ஊவா மலையாக நிறுத்திவைத்தது. இன்றும் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நம் தலையில் பெய்கிற மழை அந்தப் பாறையைத் துளித்துளியாகக் கரைத்து பதுளை ஓயா ஆற்றில் விடுகிறது, ஓயா மகாவலிக்குக் கொடுக்கிறது, மகாவலி கடலுக்குக் கொடுக்கிறது. அவ்வளவு நிதானமாகக் கட்டிவைத்ததைக் காளவாசல் ஒரு வாரத்துக்குள் ஊதித் தள்ளிவிடும். விறகின் காபனும் கல்லின் காபனும் சேர்ந்து ஆகாயத்துக்குப் போகும். மிஞ்சுகிற சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, பொரிந்து, மாவாகும். அதுதான் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு. அதுதான் லயத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு.

லயத்துக்குச் சுண்ணாம்பு எப்போது அடிப்பார்கள்? நாங்கள் இருக்கிறோம் என்பதற்காக அடிக்கமாட்டார்கள். யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் அடிப்பார்கள்.

எழுபதுகளின் முற்பகுதி அது. பாண் ரொட்டிக்கு வரிசை, மாவுக்கு வரிசை, எங்கு பார்த்தாலும் பசி. தோட்டங்களில் மனிதர்கள் கீரையையும் காட்டுக்கிழங்கையும் அவித்துத் தின்ற காலம். அரசாங்கம் தோட்டங்களை எடுக்கப்போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் லயங்களைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. சோற்றுக்கு வழியைக் காணோம், சுண்ணாம்பு மட்டும் லொறியில் வந்து இறங்கியது.

அக்காவுக்கு அப்போதுதான் முதல் பிள்ளை பிறந்திருந்தது. ஆண் பிள்ளை. தீட்டுக் கழியாததால் பேர்கூட வைக்கவில்லை. பச்சை உடம்புக்காரி என்று அவளைக் காம்பிராவுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். காம்பிரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிற ஒற்றை அறை. முன்னால் ஒரு கதவு, பெயருக்கு ஒரு சின்ன ஜன்னல். அதையும் குளிருக்குப் பயந்து சாக்கால் அடைத்திருப்போம்.

சுண்ணாம்பு அடித்தார்கள். அடித்த நேரம் கூடாத நேரம். விடாத மழை. ஈரச் சுண்ணாம்பு உடனே வெளுக்காது. பூசும்போது கஞ்சித்தண்ணி மாதிரிதான் தெரியும், பின்னால் பழைய கரிப்பிசுக்கு பல்லை இளிக்கும். காய்ந்து, காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை இழுத்து, திரும்பவும் கல்லாக ஆகும்போதுதான் அதற்கு வெள்ளை ஏறும். காளவாசல் எதைப் பிரித்து ஆகாயத்துக்கு அனுப்பியதோ, அதையே சுவர் திரும்ப வாங்கிக்கொள்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. மழைநாளில் அதற்கு அவசரமில்லை. கொழும்பு ஆட்களுக்குத்தான் அவசரம்.

வேலையை மேற்பார்த்த கணக்கப்பிள்ளை பதறிப்போய், தோட்டத்து உதவி மேலாளரான சின்னத் துரையிடம் ஓடியிருக்கிறார். சின்னத் துரை இரசாயனம் படித்தவர். அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு காம்பிராவிலும் ஒரு சட்டி கரிநெருப்பை வைத்துக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட வேண்டும், சூட்டில் ஈரம் காயும், கரியிலிருந்து வருகிற வாயு சுண்ணாம்பைச் சீக்கிரம் இறுக வைக்கும் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். முழு மூடனாக இருந்திருந்தால்கூட மன்னித்துத் தொலைத்திருப்பேன். சுவருக்கு எது நல்லது என்று அந்த மனிதனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. சுவருக்குள்ளே யாராவது இருப்பார்களா என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

பகலில் லயம் வெறிச்சென்று கிடக்கும் என்பது அவர் கணக்கு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து ஆம்பளையும் பொம்பளையும் மலைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள், குழந்தைகள் பிள்ளைக்காம்பிராவில் ஆயாவிடம் இருப்பார்கள். அது சரிதான். தீட்டுக்காரிதான் அந்தக் கணக்கில் வரவில்லை.

மச்சான், அதாவது அக்கா புருஷன், அன்று பெரட்டுக் களத்தில் வாயைத் திறந்து கேட்டிருக்கிறார். "ஐயா, வீட்டுல பச்ச ஒடம்புக்காரி கைப்புள்ளயோட கெடக்குறா."

"அதனால என்னாய்யா? கதகதன்னு கெடக்கட்டும். அவளுக்கு நல்லதுதானே" என்றாராம் கணக்கப்பிள்ளை. "அப்புறம் ஒண்ணு. வாசல்ல ஒரு கோழி, ஒரு குஞ்சு என் கண்ணுல படக்கூடாது. எல்லாத்தையும் உள்ள அடைச்சுப் போடுங்க. வர்றவங்க பீய மிதிச்சுக்கிட்டா போவாங்க?"

அக்காவிடம் ஒரு அடைக்கோழி இருந்தது. குஞ்சு பொரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. மச்சான் மலைக்குப் போகும்முன் கோழியையும் குஞ்சுகளையும் காம்பிராவுக்குள் பின் சுவரோரம் கூடை போட்டுக் கவிழ்த்துவிட்டுப் போனார். பிறகு ஆட்கள் வந்து கரிச்சட்டியை வைத்துக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

அக்காவுக்குச் சந்தோஷம். எங்கள் ஆட்களுக்குப் புகை என்றால் தெரியும். ஈர விறகு, கண் எரிச்சல், இருமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது, இதெல்லாம் தினப்படி வாழ்க்கை. கனிந்த கரி புகையாது, நாறாது, கண்ணைக் கரிக்காது. புகை இல்லாத நெருப்பு என்பது பங்களாவில் துரைமார் குளிர்காய்கிற சொகுசு. அது ஒரு நாளைக்குத் தன் வீட்டுக்கும் வந்ததே என்று அவள் பிள்ளையைச் சூடான பக்கமாக, பின் சுவரோரம் கிடத்தினாள். கதவிடுக்கில் வருகிற குளிர்காற்று பிள்ளைமேல் படக்கூடாதென்று, தான் வாசல் பக்கம் அணையாகப் படுத்துக்கொண்டாள். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள்.

அன்று பள்ளிக்கூடம் அரைநாள். நான் பஸ் இறங்கி மலையேறி வந்தபோது மழை விட்டிருந்தது. லயத்தில் ஆள் அரவமில்லை. கதவைத் தட்டினேன், கூப்பிட்டேன், பிறகு தள்ளினேன். அக்கா கதவுக்குக் குறுக்கே கிடந்ததால் திறக்கவில்லை. முட்டித் தள்ளி உள்ளே போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வாசலில் போட்டேன். மூச்சு இருந்தது. திரும்ப ஓடிப் பிள்ளையைத் தூக்கினேன். உடம்பு சூடாக இருந்தது. கன்னம் சிவப்பாக, நல்ல தூக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு இருப்பதுபோல இருந்தது. அதனால் நான் பயப்படவேயில்லை. வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் அலறினேன்.

அலறல் கேட்டு முதலில் வந்தவள் பக்கத்துக் காம்பிரா அத்தை. சொந்த அத்தையில்லை, லயத்தில் எல்லாரும் அப்படித்தான். காய்ச்சலென்று மலைக்குப் போகாமல் தண்ணீர்க் குழாயடியில் இருந்தவள். அவள்தான் அக்கா முகத்தில் தண்ணீர் அடித்தாள், அவள்தான் கரிச்சட்டியைத் தூக்கி வெளியே எறிந்தாள், அவள்தான் பிறகு காம்பிராவைக் கூட்டிக் கழுவிவிட்டாள். அந்த நேரத்தில் கோழி எங்கே என்று யார் கேட்கப்போகிறார்கள்? நானும் கேட்கவில்லை. கழுவும்போது ஓடிப்போயிருக்கும் என்று பிறகு நினைத்துக்கொண்டோம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரையா வந்தார். டாக்டர் என்று நாங்கள்தான் கூப்பிட்டோம், அவர் மருந்து கலந்து கொடுக்கப் படித்தவர். அக்கா எழுந்து உட்கார முடியாமல், தலை வெடிக்கிறது என்று முனகிக்கொண்டு வாந்தி எடுத்தாள். அவர் பிள்ளையைப் புரட்டிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கரிச்சட்டி கிடந்த இடத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையையும் பார்த்தார்.

"தூக்கத்துல தாய் புள்ள மேல சாஞ்சு அமுக்கிருச்சு. லயத்துல நடக்குறதுதானே இது" என்றார்.

"ஐயா, கரி வச்சிருந்தாங்க. கதவெல்லாம் சாத்தியிருந்துச்சு" என்றேன்.

"கரின்னா தாயும்ல செத்திருக்கணும்? தாய் நல்லாத்தானே இருக்கு?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. தாய் கதவிடுக்கில் வாயை வைத்துக் கிடந்தாள், பிள்ளை நெருப்புப் பக்கம் கிடந்தது, பிஞ்சு மூச்சு வேகமாக இழுக்கும் என்றெல்லாம் இன்றைக்கு என்னால் நிறுத்தாமல் பேச முடியும். அன்று பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஆளுக்குப் பதில் தெரியும் என்றுதான் இன்றும் நம்புகிறேன். மூச்சுமுட்டிச் செத்த பிள்ளை நீலம் பாரித்திருக்கும். இந்தப் பிள்ளை சிவந்து கிடந்தது. அது என்ன என்று மருந்து படித்தவருக்குத் தெரியாதா? சொன்னால் சின்னத் துரைமேல் போகும். அக்காமேல் போட்டால் யார்மேலும் போகாது.

"நாளைக்குப் பெரிய ஆளுங்க வாராங்க. இன்னைக்கே முடிச்சிருங்க. தப்பு மேளம், ஒப்பாரி ஒண்ணும் வேணாம்" என்று கணக்கப்பிள்ளை மச்சானிடம் சொன்னார். பொழுது சாய்வதற்குள் தேயிலை ஓரத்தில் குழி தோண்டி மூடிவிட்டார்கள். அக்காவைப் போகவிடவில்லை. தீட்டுக்காரியாம்.

மறுநாள் வந்தார்கள். லயம் பளிச்சென்று இருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எங்கள் வரிசையில் நின்று சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை வெள்ளையாயிற்று. யாரோ துண்டு நீட்டினார்கள். அவர் துடைத்துக்கொண்டே சிரித்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். சின்னத் துரை முகத்தில் ஒரு பூரிப்பு. எங்கள் காம்பிராக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. ஏன் என்று கேட்க அவர்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அக்கா "பிள்ளைமேல படுத்தவ" ஆனாள். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், குழாயடியில், அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொள்வார்கள். மச்சான் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை, அதற்காக அவரைக் கும்பிடலாம். ஆனால் அக்காவே நம்பிவிட்டாளே, அதற்கு என்ன செய்வது? தூங்கினவளுக்குத் தான் என்ன செய்தோம் என்று எப்படித் தெரியும்? அசந்து தூங்கினோம் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஞாபகம்.

பள்ளிக்கூடத்தில் சில வாரம் கழித்துச் சுண்ணாம்புத் தெளிவில் மூச்சை ஊதிக் காட்டினார்கள். தெளிந்த தண்ணீர், ஊத ஊதப் பால்போலானது. நம் மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டு சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாகிறது என்று மாஸ்டர் சொன்னார். நான் பரபரத்துப்போனேன். அக்காவிடம் இதைக் காட்டிக் கரியைப் பற்றி விளக்கிவிடலாம், அவள் மனம் ஆறிவிடும் என்று நினைத்தேன். அடுத்த லீவில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, ஒரு பப்பாளித் தண்டை அவள் கையில் கொடுத்தேன்.

"ஊது அக்கா."

ஊதினாள். வெளுத்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மூச்சுதான் அக்கா. நம்ம மூச்சு சுண்ணாம்புல ஏறிக் கல்லா மாறுது. செவுரும் இப்படித்தான் காய்ஞ்சுச்சு. கரியில இருந்து வர்ற காத்தும்..."

அவள் என்னை முடிக்கவிடவில்லை. "அப்போ அன்னைக்கு அவன் விட்ட மூச்சு இந்தச் செவுத்துலதானே இருக்கு?" என்றாள்.

இருக்கிறதுதான். ஈரச் சுண்ணாம்பு கிடைத்ததையெல்லாம் குடிக்கும். கரியின் வாயு, அக்காவின் மூச்சு, பிள்ளையின் மூச்சு, கோழியின் மூச்சு என்று அதற்கு வித்தியாசம் கிடையாது. "ஆமா" என்றேன். அவள் எழுந்துபோய்ப் பின் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். நான் கொண்டுவந்த பாடம் எங்கே போகவேண்டுமோ அங்கே போகாமல் அந்தச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒரே எரிச்சல். பப்பாளித் தண்டை முறித்து வாசல் சாக்கடைக் கானில் எறிந்தேன்.

அன்றிலிருந்து அவள் படுக்கவில்லை. பிறகு ஒரு மகன், ஒரு மகள் பிறந்தார்கள். இருவருக்கும் உட்கார்ந்துதான் பால் கொடுத்தாள். பிள்ளைகளைப் பாயில் கிடத்திவிட்டு எட்டத்தில் அந்தச் சுவரில் சாய்ந்தபடி உறங்குவாள். கழுத்து பிடித்துக்கொள்ளும், கால் வீங்கும், காலையில் அந்தக் காலோடு மலை ஏறுவாள். பிள்ளைகள் நடுச்சாமத்தில் அம்மா என்று கையை நீட்டினால், நீட்டிய கையைப் பிடித்துக்கொள்வாளாம். பக்கத்தில் மட்டும் வரமாட்டாள். முதுகு பட்டுப் பட்டுச் சுவரில் அந்த இடம் வழவழத்துப்போயிருந்தது.

நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். மூடிய அறையில் கரி அரைகுறையாக எரிந்தால் வருவது காபனோரொட்சைட்டு, அது இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், செத்தவர்களின் கன்னம்கூடச் சிவந்திருக்கும் என்று எழுதியிருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து அழுதேன். ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தலையைத் தடவினாள்.

"நீ படிச்சவ. எனக்காக எதையாச்சும் தேடிக் கண்டுபுடிச்சு சொல்லுவ. நீ என் தங்கச்சிதானே" என்றாள்.

விஞ்ஞானத்தை இப்படியும் தோற்கடிக்கலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். அந்நியன் ஒருவன் பொய் சொன்னான், அவள் நம்பினாள். நான் உண்மை சொன்னேன், பாசத்தில் சொல்கிறேன் என்றாள்.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது. சின்னத் துரை எங்கோ பெரிய துரையாகப் போனார். டாக்டரையா மாற்றலாகிப் போனார். யாராவது பார்க்க வரும்போது லயத்துக்குச் சுண்ணாம்பு வந்தது. ஆட்கள் பழைய பூச்சைச் சுரண்ட வந்தால் அக்கா பின் சுவரில் சுரண்டியைப் படவிடமாட்டாள். மேலாகப் பூசிவிட்டுப் போங்கள் என்பாள். பூச்சுமேல் பூச்சாக அந்தச் சுவர் தடித்தது. பாறை உண்டாவதும் இப்படித்தான், ஒன்றின்மேல் ஒன்றாக, உள்ளே எது மாட்டிக்கொண்டாலும் கேட்பாரில்லாமல்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் அப்போது பூனாகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, அக்காவைப் பார்க்க வந்திருந்தேன். இந்தியாவுக்குப் பதிவு செய்தவர்களைக் குடும்பம் குடும்பமாக அனுப்பிக்கொண்டிருந்த காலம். பக்கத்துக் காம்பிரா அத்தைக்கும் முறை வந்திருந்தது. மறுநாள் பதுளையில் ரயிலேறித் தலைமன்னார் போகவேண்டும். வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு கடைசியாக எங்களிடம் வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத அந்தக் கரைக்குக் கொண்டுபோக முடியாது தாயி" என்று அக்காவைப் பார்த்து ஆரம்பித்தாள். "அன்னைக்கு உன் காம்பிராவக் கூட்டயில கூடையத் தூக்குனேன். கோழி செத்துக் கெடந்துச்சு."

அத்தை நிலையைவிட்டுக் கையை எடுக்காமலே தொடர்ந்தாள்.

"வீட்டுல அடுப்பு எரிஞ்சு ரெண்டு நாளு. புள்ளைங்க அழுதுக்கிட்டு கெடந்துச்சுங்க. முந்தானையில மறச்சு எடுத்துக்கிட்டுப் போயி ஆக்கிட்டேன். எழவு வீட்டுல, அதுவும் தீட்டு வீட்டுல எடுத்துத் தின்னவன்னு காறித் துப்புவாங்களேன்னு சொல்லல. அப்புறம் நாளாக நாளாக எப்புடிச் சொல்றதுன்னு தெரியல."

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் கருகும். வாய்க்கு வந்தபடி ஏசினேன். "கோழி தின்னதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, இவளப் புள்ளயக் கொன்னவன்னு ஊரே பேசுறதக் கேட்டுக்கிட்டு இருக்க வெக்கமா இல்லையா? குழாயடியில நீங்களுந்தானே நின்னீங்க? ஒரு கோழிக்கு ஒரு மனுஷியா அத்தை?" என்று கத்தினேன். அவள் தலை நிமிரவில்லை. அழவுமில்லை. திட்டு வாங்குவதற்கென்றே வந்தவள்போல நின்றாள். ஏசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய அன்றைய பிள்ளைகளின் துருத்திய வயிறு என் கண்ணில் வந்தது. அதனால் கோபம் குறையவில்லை, யார்மேல் போடுவது என்றுதான் தெரியாமல் போயிற்று. சுண்ணாம்புக்கு லொறி அனுப்பியவன் அரிசிக்கு அனுப்பியிருந்தால் அன்றே உண்மை வெளியே வந்திருக்கும்.

"நீ சும்மா இரு" என்று அக்கா என்னைத் தடுத்தாள். இவ்வளவு நேரம் சுவரில் சாய்ந்திருந்தவள் முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குஞ்சுங்க?" என்று அத்தையிடம் கேட்டாள்.

"அதுகளும்தான் தாயி. அம்புட்டும். தாய்க்குக் கீழ பஞ்சாட்டம் கெடந்துச்சுங்க. மாட்டுப்பட்டிப் பக்கம் பொதச்சேன்."

"கூடை எங்க இருந்துச்சு?"

"இந்தா, பின் செவுத்தோரம். அவரு வச்ச எடத்துலதான்."

"சரிஞ்சு கிரிஞ்சு கெடந்துச்சா? நான் கை கால் பட்டுத் தட்டிவிட்டிருப்பேனா?"

"இல்லவே இல்ல. வச்சது வச்சபடி இருந்துச்சு. நீ வாசப்பக்கம்ல கெடந்த."

அக்கா அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள்: "கோழி மேல நான் படுக்கல."

என் படிப்பு, நூலகத்துப் புத்தகம், எழுத்து எழுத்தாகச் சொன்ன விளக்கம் எதுவும் செய்யாததை ஒரு செத்த கோழி செய்தது. அதற்கு எந்தத் துரைமேலும் பயமில்லை, அக்காமேல் பாசமும் இல்லை. அதனால் அக்கா அதை நம்பினாள்.

அத்தை போய்விட்டாள். அக்கா அவளை ஏசவுமில்லை, மன்னித்தேன் என்று சொல்லவுமில்லை. "பாத்துப் போங்க" என்றாள், அவ்வளவுதான். நான் இன்னும் உறுமிக்கொண்டிருந்தேன். சின்னத் துரை எந்தத் தோட்டத்தில் இருக்கிறாரென்று விசாரித்து, நேரே போய் அவர் முகத்துக்கு முன்னால் கேட்காமல் விடமாட்டேன் என்று குதித்தேன். அக்கா அதையெல்லாம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

பாயில் அவள் மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா பாயின் ஓரமாக நகர்ந்தாள். கையை ஊன்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நீண்ட நாள் நோயாளி முதன்முதலாகக் கட்டிலைவிட்டு இறங்குகிற மாதிரி மெதுமெதுவாகச் சரிந்து, மகள் பக்கத்தில் படுத்தாள். சட்டை முதுகெல்லாம் சுண்ணாம்பு. பிள்ளை தூக்கத்திலேயே புரண்டு அவள் கழுத்தில் கையைப் போட்டது. அக்கா அந்தக் கையை எடுக்கவில்லை.

தூங்கட்டும் என்று நான் சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தப்போனேன்.

"சாத்தாத" என்றாள் அக்கா. "கதவு தொறந்தே கெடக்கட்டும்."